மினியேச்சர் பேஸில் பனி சரிவரவில்லையா? மலையக வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மேசை விளையாட்டு மினியேச்சர்களின் (சிறு உருவங்களின்) பேஸில், அதாவது அவை நிற்கும் அடித்தட்டில், பசையும் தூளும் கலந்து செயற்கைப் பனி போடக் காட்டித்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஹீட்டர் ஓடும், காய்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. அதே கலவையை அதே அளவில் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஜூலை மாதத்தில் போட்டால் மூன்றாம் நாளும் கையில் ஒட்டும், ஆறாம் மாதத்தில் மஞ்சளாகும். திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் பேஸ்களில் தூளில் குறை இருப்பது அபூர்வம். காரணம் ஈரம்தான்: காற்றில் உள்ள ஈரம், பசையில் கூடிப்போன தண்ணீர், பேஸில் காய்ந்த இலையாக ஒட்டிய தேயிலைச் சக்கைக்குள் தங்கிய நீர். வெளிநாட்டுத் தூளுக்குத் தபால் செலவு கட்டுவதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள்.

உங்கள் பேஸில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இது

பெயின்ட் பண்ணும் மேசையில் ஒரு கிரீம் கிறேக்கர் பிஸ்கட்டை இரண்டு மணித்தியாலம் திறந்து வையுங்கள். உடைத்தால் நொறுங்குகிறதா? அறை பரவாயில்லை. நமத்துப்போய்விட்டதா? அந்த அறையில் எந்தப் பசையும் போத்தலில் எழுதியிருக்கும் நேரத்துக்குக் காயாது. கையில் ஈரமானி இருந்தால் இன்னும் நல்லது. 70 வீதத்துக்கு மேல் காட்டும் நாளில் நான் பனி வேலையே தொடங்குவதில்லை.

காலத்தையும் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை ஈரம் கூடுதல். பெப்ரவரி, மார்ச் இரண்டு பக்கத்துக்கும் நல்ல காலம். மற்ற மாதங்களில் செய்யத்தான் வேண்டும் என்றால் ஒரு காய்ச்சற் பெட்டி வேண்டும்: இறுக்கமான மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் ஒரு கை சிலிக்கா ஜெல், அதன்மேல் கம்பி வலை, வலைமேல் பேஸ்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சின்னச் சின்னப் பைகளைச் சேர்த்தாலே போதும். அவை பழசாகி ஈரம் குடித்துவிட்டால், சமையலுக்குப் பாவிக்காத ஒரு தாச்சியில் மணிகளைக் கொட்டி இளஞ்சூட்டில் வறுத்து எடுத்தால் மறுபடி வேலை செய்யும். பெட்டிக்கு வழியில்லாவிட்டால் பிரிட்ஜின் மேற்பக்கம் வையுங்கள்; வீட்டில் எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் இடம் அது.

அடுத்து, பேஸில் என்ன போட்டீர்கள் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள்: தூள் எது, பசை எது, அடியில் என்ன. இந்த மூன்றும் தெரியாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

## காயவே இல்லை, தொட்டால் ஒட்டுகிறது

### பைண்டர் கம்மும் (வெள்ளை மரவேலைப் பசை) தூளும் கலந்த பனி என்றால்

பல்குத்தும் குச்சியைக் கலவையின் ஓரத்தில் மெல்லக் குத்திப் பாருங்கள். மேலே தோல் கட்டி உள்ளே மெதுவாக இருந்தால் ஒரே தடவையில் தடிப்பாகப் போட்டிருக்கிறீர்கள். ஊசியால் நாலைந்து இடத்தில் துளை போட்டு, காய்ச்சற் பெட்டியில் இரண்டு நாள் விடுங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். ஹெயர் ட்ரையரைப் பிடித்துச் சூடாக்க வேண்டாம். மேல்தோல் இன்னும் இறுகி, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போய்விடும்.

முழுவதும் ஒரே மாதிரி பிசுபிசுப்பாக இருந்தால் குளிர் காரணமாக இருக்கலாம். பைண்டர் கம் பெரும்பாலும் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காகப் படலம் கட்டாது. சரியான எல்லை போத்தலுக்குப் போத்தல் மாறும். ஜனவரி இரவுகளில் நுவரெலியாவில் அதற்கும் கீழே போவது சாதாரணம். இப்படிக் காய்ந்த பசை தெளிவாக நிற்காமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பலமில்லாமல் இருக்கும். இதைத் திருத்த முடியாது. சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த முறை காலையில் வேலையைத் தொடங்குங்கள்; பகல் முழுக்க காய நேரம் கிடைக்கும்.

இரண்டுமில்லை என்றால் தூளைச் சந்தேகியுங்கள். உப்புப் போட்டிருந்தால் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஒருபோதும் காயாது. உலோக மினியேச்சரை அரிக்கவும் செய்யும். முழுவதையும் கழுவி எடுங்கள்.

### யூவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகும் பிசின்) என்றால்

வெள்ளைத் தூளோ வெள்ளைப் பெயின்டோ கலந்த ரெசினுக்குள் யூவி ஒளி ஆழமாகப் போகாது. மேலே கல்லாகி உள்ளே பச்சையாக நிற்பது அதனால்தான். ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவாக, அடுக்கடுக்காகப் போட வேண்டும். மேல்பரப்பு மட்டும் பிசுபிசுப்பாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காற்றில் உள்ள ஒட்சிசன் மேற்படையை இறுக விடாது. ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி ஒளி காட்டுங்கள். மூட்டமான நாளில் வெயிலை நம்ப வேண்டாம். கைத்தொலைபேசி திருத்தும் கடைகளில் திரை ஒட்டுவதற்கு யூவி விளக்கு வைத்திருப்பார்கள், நகப்பூச்சு போடும் பியூட்டி பார்லரிலும் இருக்கும். சொந்தமாக விளக்கு வாங்க முன் அங்கே ஒரு தடவை காட்டிப் பார்த்தால், கோளாறு விளக்கிலா ரெசினிலா என்பது தெரிந்துவிடும்.

### இரண்டு போத்தல் எபொக்சி (இரண்டையும் கலந்தால் இறுகும் பிசின்) என்றால்

இரண்டையும் சரியான விகிதத்தில் அளந்தீர்களா? கண்மட்டத்தில் ஊற்றியிருந்தால் விடை அதுதான். அது இனி இறுகாது, வழித்து எடுங்கள். சிரிஞ்சால் அளந்தும் இறுகவில்லை என்றால் குளிர். மூடிய போத்தல்களை வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி, வெளிப்புறத்தைத் துடைத்த பிறகு அளந்து கலவுங்கள். இறுகியிருக்கிறது, ஆனால் மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு படலம் என்றால் அது காற்று ஈரத்தின் வேலை. சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவினால் போய்விடும்.

ரெசின் பட்ட கையில் சொறியோ சிவப்போ தடிப்போ வந்தால் அத்தோடு வேலையை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். தோல் ஒருமுறை ரெசினுக்கு ஒவ்வாமை பழகிவிட்டால் அடுத்த தடவை சிறு துளிக்கும் கிளம்பும். நைட்ரைல் கையுறை இல்லாமல் ரெசின் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

## வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிவிட்டது

மலையகத்தில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. மஞ்சள் எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விடை அந்த வடிவத்தில் இருக்கிறது.

### திட்டுத் திட்டாக, ஓரத்திலிருந்து மேலேறும் பழுப்பு

பேஸில் காய்ந்த இலையாகத் தேயிலைச் சக்கை ஒட்டியிருக்கிறீர்களா? நம் வீடுகளில் காசில்லாமல் கிடைக்கும் அருமையான பொருள் அது. அளவும் நிறமும் உதிர்ந்த இலைக்கு அப்படியே பொருந்தும். ஆனால் தேத்தண்ணிக்கு நிறம் கொடுக்கும் சாயம் முழுவதும் முதல் கோப்பையோடு போய்விடுவதில்லை. பைண்டர் கம்மில் இருக்கும் தண்ணீர் சக்கையில் பட்டதும் மிச்சமிருக்கும் சாயம் கரைந்து வெள்ளைக்குள் ஊறும். அப்பச்சோடா போட்ட பனி என்றால் இன்னும் மோசம். சோடா காரம், காரத்தில் தேயிலைச் சாயம் கறுக்கும். பிளேன்டீயில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுப் பாருங்கள், கண்முன்னே கறுத்துப்போகும். பேஸிலும் அதேதான் நடக்கிறது, மெதுவாக. சக்கைத் துண்டு ஒவ்வொன்றையும் சுற்றி முதலில் வெளிறிய ஒரு வளையம் தெரியும். சில வாரத்தில் வளையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, தூளின் மேற்பரப்பு வரை ஏறிவிடும்.

தும்பு, மரத்தூள், தக்கை, காட்டில் பொறுக்கிய பட்டைத் துண்டு இவற்றிலும் இதே சாயம் உண்டு.

சரிபார்க்கும் விதம்: ஈரப்படுத்திய பஞ்சுக் குச்சியைப் பழுப்பின் மேல் பத்து விநாடி வைத்து எடுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறினால் சாயம்தான்.

கறை சின்னதாக இருந்தால் அதன்மேல் மெல்லிய வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே புதுப் பனி போடுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளைப் பெயின்டை மட்டும் மேலே பூசினால் பிரயோசனமில்லை. சாயம் அதற்குள்ளும் ஏறும். கறை முழுக்கப் பரவியிருந்தால் பனியைச் சுரண்டி எடுத்து, அடியை வார்னிஷால் அடைத்து, புதிதாகச் செய்வதே சுருக்கம். இனிமேல் செய்யும்போது சக்கையைக் கொதிநீரில் போட்டு, நீர் நிறமில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். பிறகு தாச்சியில் வறட்டி, ஒட்டி, வார்னிஷ் அடித்து, அதற்குப் பிறகுதான் பனி. தேயிலையை விட்டுவிடச் சொல்லமாட்டேன். பனிக்கு நடுவே அங்கங்கே தலைநீட்டும் அந்தப் பழுப்பு இலைதான் பேஸுக்கு உயிர் கொடுக்கிறது.

### ஒரே ஒரு இடத்தில் செம்பழுப்புப் புள்ளி

பாரத்துக்கு பேஸின் அடியில் இரும்பு வொஷர் ஒட்டியிருக்கிறதா? காந்தம் வைத்திருக்கிறீர்களா? துரு அங்கிருந்து வருகிறது. புரட்டிப் பாருங்கள். வொஷரைக் கழற்றி, துருவைத் தேய்த்து, நெயில் பொலிஷ் பூசி மறுபடி ஒட்டுங்கள். மேற்புறத்தில் புள்ளி உள்ள இடத்தை மட்டும் தோண்டி நிரப்பினால் போதும்.

### சீராக, முழுக்க மஞ்சள்

முதலில் பேஸ் இருந்த இடத்தைப் பாருங்கள். விறகடுப்பு எரியும் லயத்து வீடுகளில் அலுமாரித் தட்டே மஞ்சளாகும்போது பனி எப்படி வெள்ளையாக நிற்கும்? சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஊதுபத்திப் புகை படியும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். வெளுத்தால் அது புகைதான். முழுவதையும் துடைத்து, கண்ணாடிக் கதவுள்ள அலுமாரிக்கு மாற்றுங்கள்.

துடைத்தும் போகவில்லை என்றால் பசை. மரவேலைப் பைண்டர் கம்மில் சில வகை காய்ந்தபின் மெல்ல மஞ்சளாகும். அப்பச்சோடாவும் சுப்பர் குளூவும் சேர்த்துச் செய்த பனியும் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். அந்தக் கூட்டு விரைவாக நிரப்புவதற்கு நல்லது, வெண்மைக்கு நல்லதில்லை. யூவி ரெசினை அளவுக்கு மிஞ்சி ஒளியில் வைத்தாலும் மஞ்சள் ஏறும்.

இதற்கு நான் நம்பும் வழி மிகவும் மலிவானது. வீட்டுச் சுவருக்கு அடித்து மீதியான வெள்ளை எமல்ஷன் இருந்தால் எடுங்கள். அதற்கு வெண்மை கொடுப்பது டைட்டேனியம் டைஒக்சைட். அது மஞ்சளாகாது, அடியில் உள்ள மஞ்சளையும் மறைக்கும். எமல்ஷன் இரண்டு பங்கு, பைண்டர் கம் ஒரு பங்கு. பிறகு கரண்டியில் எடுத்துச் சரித்தால் வழியாமல் நிற்கும்வரை தூள். பழைய மஞ்சள் பனி உறுதியாக ஒட்டியிருந்தால் அதன் மேலேயே இதை மெல்லிதாகப் போடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் தயார் பனிப் பசைகளும் பனித்தூள்களும் உண்டு. சிட்டடெலின் வல்ஹாலன் பிளிசர்ட், வூட்லண்ட் சீனிக்ஸின் மெல்லிய பனித்தூள் போன்றவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அடியில் சாயம் விடும் பொருள் அப்படியே கிடந்தால் அவற்றின் மேலும் பழுப்பு ஏறும். ஆகவே அவற்றை வாங்குவது கடைசி வழி.

## கறுப்பு, பச்சைப் புள்ளிகள், அல்லது எறும்பு

எறும்பு வந்தால் சீனி. புள்ளி வந்தால் கோதுமை மா, அரிசி மா, சோளமா, அல்லது சரியாகக் காயாத பாசியும் தேயிலையும். உண்ணும் பொருள் எதையும் பனியாகப் போட வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. நம் காலநிலையில் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும்.

மாவினால் செய்ததென்றால் அந்த பேஸைத் தனியாக எடுத்து, பனியை ஈரப்படுத்திச் சுரண்டி எறியுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் பூஞ்சணத் தூள் மற்ற மினியேச்சர்களிலும் உங்கள் மூக்கிலும் போகும். மா இல்லாமல், பாசியிலிருந்து வந்த ஒன்றிரண்டு புள்ளி மட்டும் என்றால் ஐசோபுரோபைல் அற்ககோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ச்சற் பெட்டியில் ஒரு நாள் வையுங்கள். அற்ககோல் அக்ரிலிக் பெயின்டைக் கரைக்கும், எனவே மினியேச்சரின் காலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

## வெடிப்பு, சுருக்கம், பேஸ் வளைதல்

கலவை காயும்போது தண்ணீர் போய்ச் சுருங்குகிறது. தடிப்பு இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டினால் வெடிக்க வாய்ப்பு அதிகம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் நிச்சயம் வெடிக்கும்.

மெல்லிய வெடிப்பு என்றால் கொஞ்சம் நீர்த்த கலவையைத் தூரிகையால் அதற்குள் ஓடவிட்டு, மேலே தூள் தூவுங்கள். அகலமான வெடிப்பு என்றால் நிரப்பி மறைக்கப் பார்க்க வேண்டாம், கோடு தெரியும். அதை வண்டித் தடமாகவோ பாறைப் பிளவாகவோ மாற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

உயரமான பனிக்குவியல் வேண்டுமென்றால் மேட்டை முதலில் தெர்மகோல் துண்டாலோ சுவர் ஃபில்லராலோ கட்டி, அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் பனி மட்டும் போடுங்கள். தெர்மகோல்மேல் நேரடியாக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, உருகிவிடும்.

மட்டையில் வெட்டிய பேஸ் கோப்பைபோல் மேல்நோக்கி வளைந்தால், அதன் அடிப்பக்கத்திலும் பைண்டர் கம் பூசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் நேராகும். நேராகவில்லை என்றால் மினியேச்சரைக் கழற்றி பிளாஸ்டிக் பேஸுக்கு மாற்றுவதுதான் வழி.

கலவையில் சின்னச் சின்னப் பொத்தல்கள் தெரிந்தால்: வெள்ளைப் பைண்டர் கம் பெரும்பாலும் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. அப்பச்சோடா பட்டதும் காற்றுக் குமிழ் கிளம்பும். கலந்த கையோடு பூசாமல் அரை மணித்தியாலம் விட்டு, மறுபடி கிளறிப் பூசுங்கள்.

## தொட்டால் உதிர்கிறது

பேஸைக் கவிழ்த்து, கறுப்புக் கடதாசி மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கொஞ்சம் தூள் மட்டும் விழுந்தால் அது ஒட்டாத மேல்தூள், மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் முடிந்தது. தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தால் பசை போதவில்லை. பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, டிஷ் வொஷ் ஒரு சொட்டு. இதைப் பனியின் ஓரத்தில் மருந்து விடும் சொட்டியால் விடுங்கள். தானாக உள்ளே ஊறிப் போகும். டிஷ் வொஷ் இல்லாவிட்டால் நீர் மணியாக உருண்டு தூளை வாரிக்கொண்டு போய்விடும்.

இங்கே ஒரு பிரிவு உண்டு. தூள் அப்பச்சோடா என்றால் இந்த முறையைப் பாவிக்க வேண்டாம். சோடா தண்ணீரில் கரையும். காயும்போது மேலே பளபளவென்று ஒரு புறணியாகப் படியும். அதற்கு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரேயைத் தள்ளி நின்று, மூன்று நாலு மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

நீரில் கரையாத தூளுக்கு மாறுவது நிரந்தரத் தீர்வு. மாபிள் தூள், சோக் தூள், நுண்கண்ணாடி மணித் தூள் எல்லாம் நன்று. தோட்டங்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட் இங்கே எல்லா உரக் கடையிலும் கிடைக்கும். அரிதட்டில் அரித்தால் அடி அடுக்குக்கு நல்ல தூள். ஆனால் அதில் ஒரு சாம்பல் சாயல் இருக்கும். மதிலோரத்து அழுக்குப் பனிக்கு அப்படியே போடலாம், புதுப் பனிக்கு மேலே வெண்மையான தூள் தேவை. நுண்கண்ணாடித் தூள் பாவித்தால் என்95 முகக்கவசம் கட்டாயம். அது மாவைவிட இலேசாக எழும்பும், சுவாசப்பைக்கு ஆகாது.

படலம் முழுதாகக் கழன்று தகடாக வந்தால் பசையில் குறை இல்லை. அடியில் எண்ணெய், தூசி, அல்லது பளபளப்பான வார்னிஷ். மண்தாளால் தேய்த்து, கழுவி, மறுபடி போடுங்கள்.

## பனி நல்லது, மினியேச்சர் மேல் வெள்ளைப் புகை படிந்துவிட்டது

காலும் உடையின் கீழ்ப்பகுதியும் மட்டும் வெளுத்திருந்தால் சுப்பர் குளூவின் ஆவி. ஈரக் காற்றில் அது வெள்ளையாகப் படியும், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் மூடி வைத்தால் கூடும். முழு உருவமும் வெளுத்திருந்தால் மூட்டமான நாளில் அடித்த வார்னிஷ் ஸ்ப்ரே.

இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிதாக ஒரு பூச்சு. வெள்ளை மறைந்தால் காயவிட்டு, தூரிகையாலேயே மேட் வார்னிஷ் பூசுங்கள். மறுபடி ஸ்ப்ரேக்குப் போக வேண்டாம். அடுத்த முறை ஸ்ப்ரே அடிப்பதென்றால் காலை பத்து மணிக்கு மேல், மதிய மூட்டம் இறங்குவதற்கு முன். ஸ்ப்ரே பேணியை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம். கொதிநீரிலோ அடுப்பின் மேலோ ஒருபோதும் வைக்கக் கூடாது, வெடிக்கும்.

இரண்டு தடவை செய்தும் வெள்ளை போகவில்லையா? அத்தோடு நிறுத்துங்கள். மூன்றாவது, நான்காவது பூச்சில் முகத்தின் நுணுக்கம் மூடிப்போகும். காசு கொடுத்துப் பெயின்ட் பண்ணுவித்த உருவம் என்றால் பண்ணியவரிடமே கொடுங்கள், எந்த வார்னிஷ் என்பது அவருக்குத்தான் தெரியும். ஈயம் கலந்த பழைய உலோக உருவங்களையும் நீங்களே சுரண்டாமல் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

## எல்லாம் சரி, ஆனால் பனி மாதிரித் தெரியவில்லை

பசையிலும் தூளிலும் பிழையில்லாமல் வரும் இந்த முறைப்பாடுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதற்குக் காசு அநேகமாகத் தேவையில்லை.

### தூள் தூளாக, கல் கல்லாகத் தெரிகிறதா?

28 மில்லிமீற்றர் உருவத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிஜத்தில் ஆறு சென்ரிமீற்றர் அளவு. அப்படியானால் அரை மில்லிமீற்றருக்கு மேல் வரும் ஒரு சீனி மணி அந்தச் சிப்பாயின் கண்ணுக்குத் தேசிக்காய் அளவில் தெரியும். மேசையுப்பும் பருமன்தான். தூளை நல்ல துணியில் சலியுங்கள். கடைசிப் பூச்சுக்குக் கையால் தூவாமல், தேத்தண்ணி வடியில் ஒரு கரண்டி தூளைப் போட்டு ஓரத்தில் தட்டுங்கள். மேலிருந்து, சீராக, பனி விழும் விதமாகவே விழும்.

ஆழத்தையும் அதே கணக்கில் பாருங்கள். மூன்று மில்லிமீற்றர் பனி என்றால் கணுக்காலைத் தாண்டும். அப்படியானால் கால் அதற்குள் புதைந்திருக்க வேண்டும். பனிக்கு மேலே சப்பாத்தின் அடி தெரிந்தால் ஆள் மிதக்கிறார். காலைச் சுற்றிக் கொஞ்சம் கலவை வைத்து மூடுங்கள், பின்னால் இரண்டு தடம் அழுத்துங்கள்.

### எங்கும் ஒரே மாதிரி வெள்ளை பூசியதாகத் தெரிகிறதா?

நம்மில் பலர் நேரில் பார்த்தது ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியாப் புல்வெளிகளிலும் ஹோர்டன் சமவெளியிலும் படியும் துகள் உறைபனி. கை தன்னை அறியாமல் அதைத்தான் செய்கிறது. உறைபனி புல்லின் நுனியிலும் இலை ஓரத்திலும் ஊசி ஊசியாக அங்கேயே உருவாகும். புல் நுனி வெள்ளை, அடி பச்சை. மேலே இருந்து விழும் பனி அப்படியில்லை. மட்டமான இடத்தில் தங்கும், செங்குத்தான முகத்தில் தங்காது, புல்லைக் கீழே அழுத்தி மூடும். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2524 மீற்றர், அங்கேகூட அப்படிப் பனி விழுவதில்லை என்பதால் நாம் அதைப் படம் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

உங்களுக்கு உறைபனிதான் வேண்டுமென்றால் தூளே வேண்டாம். காய்ந்த தூரிகையில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, புல் நுனிகளில் மட்டும் தடவுங்கள்.

விழுந்த பனி வேண்டுமென்றால் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தீர்மானியுங்கள். கல்லுக்கும் மரக்குற்றிக்கும் பின்னால், காற்று மறைவில், பனி வால்போல நீளமாகக் குவியும். காற்று அடிக்கும் பக்கம் அடியில் கொஞ்சம் தோண்டப்பட்டு மண் தெரியும். நெருப்பு எரியும் இடத்தைச் சுற்றி உருகி ஈரமண் தெரியும். அங்கே மட்டும் பளபளப்பு வார்னிஷ். பேஸில் மூன்றில் ஒரு பங்காவது பனி இல்லாமல் விடுங்கள். கறுத்த மண் பக்கத்தில் இருந்தால்தான் வெள்ளை எடுபடும்.

### வெள்ளை செத்துப்போய்த் தெரிகிறதா?

நிழலில் இருக்கும் பனி வானத்தின் ஒளியை வாங்கி நீலச் சாயல் காட்டும். கலவை காய்ந்தபின், நன்றாக நீர்த்த வெளிர்நீலப் பெயின்டைத் தடத்தின் உட்புறத்திலும் குவியலின் அடியிலும் மட்டும் விடுங்கள். கண்ணுக்கு நீலம் என்று தெரிந்தால் கூடிவிட்டது, ஈரத் தூரிகையால் உடனே உறிஞ்சி எடுங்கள். சாம்பல் பூசினால் அழுக்காகத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்தும் படை முழுவதும் ஒத்துப்போகவில்லை என்றால் எயார்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஒருவரிடமே, ஒரே தடவையில், எல்லா பேஸ்களையும் சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியாகக் கலக்கும் வெள்ளை ஒன்றோடொன்று ஒத்துவராது. கொடுக்கும்போது, முதலில் எழுதி வைத்த அந்தத் துண்டுக் கடதாசியையும் சேர்த்துக் கொடுங்கள். அடியில் தேயிலை இருக்கிறதா, வார்னிஷ் அடித்ததா என்பதை அவர் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பேஸின் அடியிலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.